தம்மைத் தாமே விசாரித்தல்

சட்டசபையார் தம் அங்கத்தினரின் ஒழுக்கத்தைத் தாமே விசாரிப்பின் ஜனங்கள் அதனை நம்புவரோ? இவ்வினாவிற்குப் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையின் சரித்திரம் விடை பகர்கின்றது.

1994-ஆம் ஆண்டில், சபையில் வினா எழுப்புதற்கு அங்கத்தினர் சிலர் பணம் பெற்றனர் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. நோலன் பிரபுவின் குழு கூறிய யோசனைப்படி 1995-இல் ஒழுக்க விசாரணைக்கெனத் தனி அதிகாரி நியமிக்கப்பெற்றார். ஆயினும் தீர்ப்பு அங்கத்தினர் கையிலேயே நின்றது. 2009-இல் படிப்பண ஊழல் வெளிப்படவே, அப்பணத்தை வரையறுக்கும் அதிகாரம் சபைக்குப் புறம்பானதோர் ஸ்தாபனத்திற்கு மாற்றப்பட்டது. 2013-இல் சபையைச் சாராதார் மூவர் ஒழுக்கக் குழுவில் அமர்ந்தனர். 2019-இல் அத்தகையோர் வாக்குரிமையும் எய்தினர்.

2021 நவம்பரில், கூலி பெற்றுப் பிறர்க்காகப் பரிந்து பேசிய ஓர் அங்கத்தினரை விலக்கிவைக்குமாறு குழு கூறியபோது, சபையோ 250 வாக்குக்கு 232 என்ற கணக்கில் விதியையே மாற்ற முற்பட்டது. பொதுமக்கள் வெகுண்டனர், மறுநாளே அரசாங்கத்தார் பின்வாங்கினர், அவ்வங்கத்தினரும் பதவி துறந்தார். எனினும், மேல்முறையீட்டிற்கு வழியில்லை என்று அவர் தரப்பார் கூறிய குறையும் புறக்கணிக்கத் தக்கதன்று. 2022-இல் அதற்கும் தனிக்குழுவின்பால் வழி வகுக்கப்பட்டது.

ஆதலின், விதி வழக்கிற்கு முன்னரே அமைதலும், நடுவர் கட்சி சாராராதலும், குற்றஞ்சாட்டப்பட்டோர்க்கும் நீதி கிட்டுதலுமே இழந்த நம்பிக்கையை மீட்கும் என்று நாம் அறிகின்றோம். நம் கல்லூரிச் சங்கங்களிற் பொறுப்பேற்கும் மாணாக்கரும் இதனைச் சிந்திப்பாராக.