தெரியாமல் இருந்தால்தான் சரியாகத் தெரியும்

இந்த வார எபிசோடில் ‘டபுள் பிளைன்ட்’ என்ற சொல் நாலைந்து தடவை வந்து போனது. அது என்ன, ஏன் முக்கியம்? கொஞ்சம் விரிவாகப் பார்ப்பம்.

யாருக்கு உண்மையான மருந்து, யாருக்குப் போலி மருந்து என்பதை மறைத்து வைப்பதுதான் பிளைன்டிங். நோயாளிக்கு மறைப்பது ஏன் என்று எல்லாருக்கும் விளங்கும்: மருந்து எடுக்கிறோம் என்ற நம்பிக்கையிலேயே சிலருக்குச் சுகம் வந்த மாதிரி இருக்கும். ஆனால் சோதிக்கிற டொக்டருக்கு ஏன் மறைக்க வேணும்? படிச்ச மனுசன், பொய்யா எழுதப் போறார்?

பதில் கனடாவிலேயே இருக்கு. எம்.எஸ். என்ற நரம்பு நோய் உலகிலேயே கூடுதலாக உள்ள நாடுகளில் எங்கட நாடும் ஒன்று. அந்த நோய்க்கான ஒரு கனடிய ஆய்வு 1991இல் லான்செட் இதழில் வந்தது. 168 நோயாளிகள், மூன்று குழுக்கள். ஒரு குழுவுக்கு சைக்ளோபொஸ்பமைட் இரத்த நாளம் வழியாக ஏற்றப்பட்டது. இன்னொன்றுக்கு அதே மருந்து குளிசையாக, அதோடு வாராவாரம் இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை. மூன்றாவது குழுவுக்குப் போலிக் குளிசையும் போலிப் பிளாஸ்மா மாற்றமும்.

இங்கேதான் கெட்டித்தனம். ஒவ்வொரு நோயாளியையும் இரண்டு நரம்பியல் டொக்டர்கள் பரிசோதித்தார்கள். ஒருவருக்கு எந்தச் சிகிச்சை என்று தெரியும், மற்றவருக்குத் தெரியாது. இருவரும் போட்டது 0 முதல் 10 வரையான ஒரே அளவுகோலில். நடை, பார்வை, கைகால் பலம் எல்லாம் அதில் சேரும். ‘கொஞ்சம் பலவீனமா, இல்லையா’ என்பது பார்ப்பவர் தீர்மானம்.

1994இல் ஜோன் நோஸ்வர்தி குழுவினர் இரண்டு மதிப்பெண்களையும் ஒப்பிட்டார்கள். தெரிந்த டொக்டர்களின் கணக்கில் பிளாஸ்மா குழுவுக்கு 6, 12, 24 மாதங்களில் முன்னேற்றம். தெரியாத டொக்டர்களின் கணக்கில் ஒன்றுமே இல்லை. ஒரே நோயாளிகள், ஒரே அளவுகோல்!

யாரும் பொய் எழுதவில்லை. நல்லது நடக்கவேணும் என்ற ஆசை, சந்தேகமான இடத்தில் பேனையைக் கொஞ்சம் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கணக்கை மட்டும் நம்பியிருந்தால், புற்றுநோய்க்குக் கொடுக்கிற கடுமையான மருந்தோடு வாராவாரம் மெஷினில் படுத்திருக்கச் சொல்லி எத்தனை பேரை வீணாக வதைத்திருப்பார்கள்?

எங்கட மொன்றியலிலும் இதே கவனத்தைப் பார்க்கலாம். மக்கில் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி மோகில் குழு, எலியின் முகத்தைப் பார்த்து வலியை அளக்கும் முறையை 2010இல் வெளியிட்டது. கண், மூக்கு, கன்னம், காது, மீசை என ஐந்து இடங்களுக்கு 0, 1, 2 என்று மதிப்பெண். படத்துக்கு மதிப்பெண் போடுகிறவருக்கு அந்த எலிக்கு என்ன செய்தார்கள் என்று தெரியாது.

நான் கொன்ட்ராக்டுக்குப் போகிற இடங்களில், ஃபீச்சரைக் கட்டின டீமே அது நல்லாயிருக்கா என்றும் தீர்ப்புச் சொல்லும். பிளைன்டிங்குக்கு லாப் தேவையில்லை. நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு ஏஐ செயலிகளிடம் ஒரே கேள்வியைத் தமிழில் கேளுங்கோ. பெயர்களை அழித்து, வரிசையைக் கலக்கித் தரச் சொல்லி ஒரு நண்பரிடம் கொடுங்கோ. மதிப்பெண்ணை எழுதி முடித்த பிறகுதான் பெயரைக் கேட்கவேணும்; பிறகு மாற்றக்கூடாது.

முடிவு என்னவென்று எழுதி அனுப்புங்கோ. அடுத்த எபிசோடில் பேசுவம்.