முழங்கால் நோ: விளங்கிக்கொண்டால் பாதி சுகம்

ஊர் திரும்பியதும் காணி துப்புரவாக்கல், தண்ணீர் அள்ளல், சுமை தூக்கல் என வேலை கூடுகிறது. வயது வந்தவர்களுக்கு முழங்கால் நோவும் கூடுகிறது. “எலும்பு தேய்ந்துவிட்டது, இனி நடக்கக்கூடாது” என்று சிலர் படுத்துவிடுகிறார்கள். இது தவறு. மூட்டைத் தாங்குவது தொடைத் தசை. நடமாடாவிட்டால் அது மெலியும். நோ இன்னும் கூடும்.

நீங்கள் செய்யக்கூடியவை:

• கதிரையில் இருந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 வரை எண்ணி, மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, காலையும் மாலையும் செய்யுங்கள்.

• பயிற்சியின்போது சிறிது நோவது பழுதல்ல. மறுநாளும் நோ கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள்.

• நெடுநேரம் குந்தியிருக்க வேண்டாம். இடையிடையே எழுந்து நடமாடுங்கள்.

• நிறைவாளியை ஒரே நடையில் தூக்காமல், அரைவாளியாக இரண்டு நடையில் கொண்டுவாருங்கள்.

காலில் பழைய காயமோ செல் துண்டோ இருந்தால், பயிற்சிக்கு முன் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை: எனக்கு என்ன வருத்தம்? குளிசையை எத்தனை நாள் எடுப்பது? எந்த வேலையைத் தவிர்ப்பது? விளங்காவிட்டால் மறுபடி கேளுங்கள். அது உங்கள் உரிமை.

காய்ச்சலுடன் மூட்டு வீங்கிச் சிவந்தாலோ, விழுந்தபின் கால் ஊன்ற முடியாவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.