எனாமல் மறுபடி முளைக்குமா?

நம்பிக்கை: தேய்ந்துபோன எனாமலை வளர்ச்சிக் காரணிகள் கலந்த பற்பசை மீண்டும் வளர்த்துவிடும்.

உண்மை: வளர்ப்பதற்கு ஆள் வேண்டுமே! வளர்ச்சிக் காரணி என்பது ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் புரதம். அதை வாங்கிக்கொள்ளும் செல் இருந்தால்தான் வேலை நடக்கும். எனாமலைச் சுரக்கும் அமெலோபிளாஸ்ட் செல்களோ, பல் ஈறைவிட்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. முறிந்த எலும்பு கூடுவது அதற்குள் உயிருள்ள செல்கள் இருப்பதால். எடையில் சுமார் 96 சதவீதம் தாதுவான எனாமலுக்குள் ஒரு செல்கூடக் கிடையாது. ஃபுளோரைடு பேஸ்ட் பயனுள்ளதுதான்; அமிலம் அரிக்கத் தொடங்கிய இடத்தில் தாதுக்கள் மறுபடி படிய உதவும். விழுந்த குழியை அது மூடாது.

நம்பிக்கை: காரணி கூடக்கூட எனாமலும் கெட்டியாகும்.

உண்மை: எலியின் முன்பல்லைப் பாருங்கள். உதட்டுப் பக்கம் மட்டுமே எனாமல். நாக்குப் பக்கம் இல்லை. பிஎம்பி-4 என்ற காரணி செல்களை அமெலோபிளாஸ்ட்டாக மாறத் தூண்டுகிறது. நாக்குப் பக்கத்தில் ஃபோலிஸ்டாட்டின் என்ற புரதம் அதைத் தடுத்துவிடுகிறது. 2004-இல் வெளியான ஆய்வில், ஃபோலிஸ்டாட்டின் இல்லாத சுண்டெலிகளுக்கு இரு பக்கமும் எனாமல் படிந்தது. அது மிகுந்த எலிகளுக்கு எந்தப் பக்கமும் படியவில்லை. இரு பக்கமும் எனாமல் இருப்பது எலிக்கு லாபம் என்று எண்ணிவிடாதீர்கள். எனாமல் இல்லாத பக்கம் வேகமாகத் தேய்வதால்தான் அதன் பல் உளிபோலக் கூராகவே இருக்கிறது. தூண்டலோடு தடையும் சேர்ந்துதான் பல்லைச் செதுக்குகிறது. இன்னொரு வேடிக்கை: கருவில் பல்லின் கூர்முனைகள் எங்கே எழவேண்டும் என்று தீர்மானிக்கும் 'எனாமல் முடிச்சு', அக்கம்பக்கத்துச் செல்களைப் பெருகச் சொல்லி எஃப்ஜிஎஃப் காரணிகளைச் சுரக்கும். தான் மட்டும் பெருகாது.

நம்பிக்கை: குழந்தைக்குச் சீக்கிரம் பல் முளைத்தால் எனாமல் உறுதியாக இருக்கும்.

உண்மை: முளைப்பது வேறு, எனாமல் படிவது வேறு. உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் 1962-இல் பிரித்தெடுத்த ஒரு புரதத்தைப் பிறந்த சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, பற்கள் வழக்கத்துக்கு முன்பே முளைத்தன. கண்களும் முன்பே திறந்தன. புற்றுநோய் மருத்துவத்தில் இன்று அடிபடும் ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி அதுதான். 1986-இல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கும் கிடைத்தது. ஆனால் அந்தப் புரதம் விரைவுபடுத்தியது முளைப்பை. பால்பற்களின் எனாமல் தாயின் வயிற்றிலேயே படியத் தொடங்கிவிடுகிறது. ஆறு வயதில் எட்டிப்பார்க்கும் கடைவாய்ப்பல்லின் எனாமல் வேலை, பிறப்பை ஒட்டித் தொடங்கி மூன்று வயதுவாக்கில் முடிந்துவிடும். அந்த ஆண்டுகளில் வரும் கடும் காய்ச்சலோ சத்துக்குறைவோ பல்லில் குழியாகவோ கோடாகவோ பதிந்துவிடலாம்.