பேய்க்கதை சொல்லும் பழைய ஓட்டலில் தங்கப் போகிறீர்களா? பயனுள்ள குறிப்புகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தென்பகுதியில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில், மலை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது பிஸ்பீ. செம்புக்காக 1880-ல் உருவான ஊர். சுரங்க வேலை 1975-ல் நின்றுபோனது. முதலீட்டாளர்களும் பெரிய அதிகாரிகளும் வந்தால் தங்குவதற்கென்று சுரங்கக் கம்பெனி கட்டி, 1902-ல் திறந்த காப்பர் குவீன் ஓட்டல் இன்றும் நடக்கிறது. அங்கே ஆவிகள் உலவுகின்றன என்பது ஊரறிந்த பேச்சு.

என் அம்மா பிறந்தது கோலார் தங்கவயலில். தாத்தா வட ஆற்காட்டிலிருந்து போய் அங்கே சுரங்கத்தில் இறங்கியவர். அதனால் சுரங்க ஊர் என்றாலே எங்கள் வீட்டில் ஒரு பாசம். அரிசோனாவிலேயே டூசான் நகரில் இருக்கும் எங்களைப் பார்க்க அம்மா வந்திருந்தபோது, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு இரவு பிஸ்பீயில் தங்கினோம். அந்த அனுபவத்தில் கிடைத்தவை இவை. இதுபோன்ற எந்தப் பழைய சுரங்க ஊருக்குப் போனாலும் பெரும்பாலும் பொருந்தும்.

1. அறை பதிவு செய்யும்போதே மனம்விட்டுப் பேசிவிடுங்கள். பழைய ஓட்டல்களில் ஓர் அறை போல இன்னொன்று இருக்காது. படி எத்தனை, லிஃப்ட் உண்டா, குளியலறையில் தொட்டியா ஷவரா, கட்டில் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு உயரமான தொட்டிக்குள் காலைத் தூக்கி வைப்பது ஆபத்து. கூடவே, "கதை எதுவும் இல்லாத அறை வேண்டும்" என்றும் சொல்லலாம். கதை உள்ள அறைதான் வேண்டும் என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், இப்படிக் கேட்பதை யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

2. பகல் வெளிச்சத்தில் போய்ச் சேருங்கள். டூசானிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆனால் மலையேறிச் சுரங்கப்பாதை வழியாக வெளியே வந்ததும் தெருக்கள் ஒடுங்கிவிடும், வண்டி நிறுத்த இடம் கிடைப்பதும் சிரமம். இருட்டில் இடம் தேடி அலைந்து, களைத்துப்போய் அறைக்குள் நுழைந்தால், சாதாரணத் திரைச்சீலை அசைவதுகூட மனசைக் கலக்கும்.

3. ஒரே பெரிய பெட்டியாகக் கட்டாதீர்கள். ஆளுக்கொரு தோள்பை போதும். பிஸ்பீயில் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போக வழியே படிக்கட்டுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை ஏறி முடிக்கும் போட்டியை ஒவ்வோர் அக்டோபரிலும் நடத்துகிறார்கள் என்றால் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளலாம்.

4. செருப்பு வேண்டாம், குதிகாலைப் பிடிக்கும் ஷூ போடுங்கள். வயதானவர்களுக்குக் கைத்தடி ஒன்று இருந்தால் நல்லது.

5. ஊர் 5,500 அடிக்குச் சற்று மேலே இருக்கிறது, நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் உயரம். ஆனால் ஏற்காட்டின் ஈரம் கிடையாது, பாலைவனக் காற்று. முதல் நாளே உதடு வெடிக்கும், மூக்கு உலரும், சிலருக்கு ரத்தம்கூடக் கசியும். படுக்கும் முன் மூக்கின் ஓரத்திலும் உதட்டிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து நாற்காலி முதுகில் விரித்து வைத்தால் அறைக்குள் கொஞ்சம் ஈரப்பதம் நிற்கும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். முதல் இரவு தலை பாரமாக இருந்து தூக்கம் கலைந்தால், பயப்படும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துப் பாருங்கள்.

6. சிறிய ஊர்களில் சமையற்கட்டு சீக்கிரம் மூடிவிடும். முன்பு ஒருமுறை வேறொரு சுரங்க ஊரில் இரவு ஒன்பதரைக்குப் போய் இறங்கி, பிள்ளைகளுக்கு பிஸ்கட்டைத் தவிர ஒன்றும் கிடைக்காமல் தவித்தோம். அதிலிருந்து முதல் வேளைக்குக் கட்டுச்சோறு இல்லாமல் கிளம்புவதில்லை. புளியோதரை, எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் வழியில் கெடாது. தயிர்சாதத்தில் தயிரைக் குறைத்துப் பால் கூடுதலாக ஊற்றிப் பிசைந்து கொண்டுபோனால் போய்ச் சேரும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். ஒரு நல்ல ஃபிளாஸ்க்கும் சுக்குப் பொடியும் இருந்தால் நடுராத்திரிக்கு அதுவே மருந்து.

7. அறையில் குக்கர் வைக்காதீர்கள். மின்சார அடுப்பும் வேண்டாம். பிஸ்பீயின் மெயின் தெருக் கடைகளில் பெரும்பாலானவை 1908-ல் ஒரே தீயில் எரிந்து, பிறகு மறுபடியும் கட்டப்பட்டவை. பழைய மரமும் பழைய வயரும் இருக்கும் கட்டடத்தில் நம்மால் ஒரு பொறிகூட விழக்கூடாது. இதே காரணத்துக்காகக் கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எதுவும் ஏற்ற வேண்டாம். புகை உணரும் கருவி அலறி மொத்த ஓட்டலும் எழுந்துவிடும். அம்மா சின்னப் பொட்டலத்தில் திருநீறு கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் நெற்றியில் பூசிவிட்டுக் கந்தனை நினைத்துக்கொண்டு படுத்தார். அதற்குப் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை.

8. ராத்திரிச் சத்தங்களைப் பற்றி எல்லோரும் பகலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மலை ஊரில் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் வித்தியாசம் அதிகம். பகலில் விரிந்த மரம் இரவில் சுருங்கும்போது 'டொக்' என்று முறியும் சத்தம் கேட்கும். பழைய குழாயில் தண்ணீரை சட்டென்று நிறுத்தினால் சுவருக்குள் யாரோ தட்டுவது போலிருக்கும். பக்கத்து அறைக்காரர் நடந்தால் நம் அறைப் பலகையும் முனகும். அறைக்குள் போனதும் பிள்ளைகளை விட்டே குழாயைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவை, ஜன்னலை, அலமாரியை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எது எப்படிச் சத்தம் போடும் என்று கை வைத்துத் தெரிந்துகொண்ட பிள்ளை ராத்திரி அழாது.

சுரங்க ஊரில் 'தட்டும் சத்தம்' என்பதற்கே ஒரு சரித்திரம் உண்டு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிகள், பாறைக்குள் டாமிநாக்கர் என்ற குட்டி உருவங்கள் இருப்பதாகவும், பாறை சரியப்போகிறது என்றால் அவை சுவரைத் தட்டி எச்சரிக்கும் என்றும் நம்பினார்கள். தாங்கள் சாப்பிடும் ரொட்டியில் ஒரு துண்டை அவற்றுக்கென்று விட்டுவைப்பார்கள். பாறை இடியும் முன் முட்டுக்கட்டைகள் முறுகும் சத்தம்தான் அது என்று விளக்குகிறவர்களும் உண்டு. அதைக் காது கொடுத்துக் கேட்டவன் பிழைத்தான் என்பதால் அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். கோலாரில் சுரங்கம் நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியோடு அதே கார்ன்வால்காரர்கள் அங்கேயும் வந்தார்கள். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "கீழே பாறை வெடிச்சா எங்க வீட்டு அலமாரில பாத்திரமெல்லாம் கலகலன்னு ஆடும். சத்தம் கேட்டதும் எங்கம்மா வாசலுக்கு ஓடிருவாங்க. அப்பா தெருமுனையில தெரியுற வரைக்கும் உள்ள வரமாட்டாங்க" என்றார்.

9. குழந்தைகளிடம் எந்தக் கதையைச் சொல்லலாம் என்று முன்பே முடிவு செய்யுங்கள். காப்பர் குவீனில் பில்லி என்ற சிறுவனின் ஆவி உலவுவதாகச் சொல்வார்கள். ஆற்றில் மூழ்கி இறந்த பிள்ளையாம். விருந்தினரின் சின்னப் பொருள்களை இடம் மாற்றி வைத்து விளையாடுமாம். இதைப் படுக்கும் நேரத்தில் சொல்லாதீர்கள். காலைச் சாப்பாட்டு மேசையில் சொன்னால் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்லலாம். மறுநாள் சீப்பு காணாமல் போனால் தேடித் தரவும் நேரம் இருக்கும்.

10. ஜூலியா லோவலின் கதையும் அங்கே உண்டு. உடலை விற்றுப் பிழைத்தவள், வாடிக்கையாளர் ஒருவரை உண்மையாக நேசித்து, ஏமாந்து, உயிரை மாய்த்துக்கொண்டாள் என்கிறார்கள். அவள் பெயரில் ஓர் அறையே இருக்கிறது. ஆண்களை மயக்க வருகிறாள் என்று சிரித்துப் பேசும் வழக்கத்தில் நீங்கள் சேராதீர்கள். சுரங்க ஊர்களில் அப்படிப் பிழைக்க நேர்ந்த பெண்கள் நிஜமாகவே இருந்தார்கள். வளர்ந்த பெண் பிள்ளைகள் கூட இருந்தால், எனக்குத் தோன்றும் வழி, அவளை ஒரு மனுஷியாகச் சொல்வதுதான்.

11. காதடைப்பான் கொண்டுபோங்கள். ப்ரூவரி கல்ச் என்ற தெரு ஓட்டலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் மதுக்கடைகள் வரிசை கட்டியிருந்த தெரு. வார இறுதியில் இன்றும் பாட்டுச் சத்தம் கேட்கும். தூக்கம் முக்கியம் என்றால் செவ்வாய், புதனில் போங்கள்.

12. குளியலறை விளக்கை எரியவிட்டுக் கதவை லேசாகச் சாத்தி வையுங்கள். மூக்குக்கண்ணாடி, டார்ச், தண்ணீர் மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில், எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். புது இடத்தில் நடுராத்திரி எழும்போது பெரியவர்கள் விழுந்துவிடக்கூடும்.

13. நடுநிசியில் கேமராவோடு தாழ்வாரத்தில் அலைவது, மற்றவர் கதவைத் தட்டிப் பார்ப்பது வேண்டாம். உள்ளே தூங்குவது கைக்குழந்தையாக இருக்கலாம்.

14. குவீன் சுரங்கத்துக்குள் கட்டாயம் போய்ப் பாருங்கள். 1976 பிப்ரவரியிலிருந்து பார்வையாளர்களை உள்ளே கூட்டிப்போகிறார்கள். சின்ன ரயிலில் குதிரை மேல் உட்காருவது போல இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, மலைக்குள் 1,500 அடி போக வேண்டும். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே ஏறக்குறைய 8 டிகிரி செல்சியஸ்தான். அதனால் ஜூன் மாதத்திலும் ஸ்வெட்டர் வேண்டும். புடவை, வேட்டி சரிப்படாது, சல்வாரோ பேன்ட்டோ போடுங்கள். கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு, முன்பதிவின்போதே கேளுங்கள். மூச்சு முட்டும் பயம் உள்ளவர்கள் கூச்சப்படாமல் வழிகாட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தலைக்கவசம், விளக்கு, மஞ்சள் மேலங்கியோடு கையில் ஒரு பித்தளைப் பில்லையும் தருவார்கள். எண் பொறித்த பில்லை. தொழிலாளி இறங்கும்போது எடுத்துக்கொண்டு போவான், ஏறி வந்ததும் திருப்பித் தருவான். ஷிப்டு முடிந்த பிறகும் ஒரு பில்லை திரும்பவில்லை என்றால் ஒருவன் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அம்மா அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். "அப்பாகிட்டயும் ஒரு நம்பர் இருந்துச்சு" என்றார். வெளியே வந்து திருப்பிக் கொடுக்கும்வரை கையைத் திறக்கவில்லை. நீங்களும் அதை மறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

15. ஓட்டலிலிருந்து கொஞ்ச தூரத்தில் 1897-ல் கட்டிய சுரங்கக் கம்பெனி அலுவலகம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. இதற்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பிஸ்பீயில் உண்மையிலேயே தூக்கத்தைக் கெடுக்கும் கதை இங்கேதான் கிடைக்கும். 1917-ல் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 12 விடியற்காலை, ஷெரீஃப் ஹாரி வீலர் தலைமையில் ஏறக்குறைய 2,000 பேர் துப்பாக்கியோடு வீடு வீடாகப் புகுந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களைப் பிடித்தார்கள். வேலைநிறுத்தத்துக்குச் சம்பந்தம் இல்லாதவர்களும் அதில் மாட்டினார்கள். அவர்களை வாரன் விளையாட்டு மைதானத்தில் நிறுத்தி, மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து, பாலைவனத்தின் வழியே பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். திரும்பி வரக்கூடாது என்று மிரட்டல் வேறு. மெக்சிகோவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அதில் ஏராளம். அந்த மைதானம் இன்றும் இருக்கிறது. காரில் சில நிமிடம்தான், போய் நின்றுவிட்டு வாருங்கள். ஆவி உலவுவது உண்மையானால் அது அந்த மைதானத்தில்தான் உலவ வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

16. அந்த மைதானத்துக்குப் போகிற வழியில் சாலை ஓரத்திலேயே லாவெண்டர் பிட் என்ற பிரமாண்டமான திறந்தவெளிச் சுரங்கக் குழி தெரியும். ஆழம் ஏறக்குறைய 900 அடி. பக்கத்திலிருந்த லோவெல் என்ற ஊரின் பெரும்பகுதியை அந்தக் குழி விழுங்கிவிட்டது. வேலிக்கு அருகே பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

17. 'பிஸ்பீ நீலம்' என்ற டர்க்காய்ஸ் கல்லுக்கு இங்கே மவுசு அதிகம். சுரங்கம் மூடி இத்தனை வருஷம் ஆனதால் அசல் கல் மலிவாகக் கிடைக்காது. விலை குறைவாகச் சொன்னால் யோசியுங்கள். எந்தச் சுரங்கத்துக் கல், சாயம் ஏற்றியதா என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.

18. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். வெளி வேலைகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

19. காலி செய்யும்போது கட்டிலடி, குளியலறைக் கொக்கி, சார்ஜர் மாட்டிய இடம் மூன்றையும் பாருங்கள். வரவேற்பறையில் விருந்தினர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி வைக்கும் நோட்டு இருக்கும். யாரோ காலைத் தொட்டார்கள், சுருட்டு வாசனை வந்தது என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். ஒன்றும் நடக்காவிட்டாலும் நடக்கவில்லை என்று எழுதுங்கள், அடுத்து வரும் பயந்த குழந்தைக்கு உதவும். என் பையன் "பைப் சத்தம் மட்டும் கேட்டது" என்று எழுதினான். அம்மா பேனாவை வாங்கி, தமிழில் தாத்தாவின் பெயர், கீழே 'கோலார் தங்கவயல்', அதற்கும் கீழே ஓர் எண் எழுதிவிட்டு நோட்டை மூடினார்.