ஒற்றை பிஸ்கட்டும் அணையை அடைத்த விரலும்

நெதர்லாந்தின் உத்ரெக்ட் நகருக்குக் குடிவந்து எட்டு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து போன் வந்தால் கேள்விகள் வரிசை மாறாமல் வரும். "அங்க எப்பவும் மழையாமே?" என்பார் சித்தி. "காபி கடையில கஞ்சா விக்கிறாங்களாமே?" என்பார் சித்தப்பா, சித்தி காதில் விழாதபடி. "ஒரு காபிக்குக்கூடக் கணக்குப் பார்ப்பாங்களாமே?" என்பான் அவர் மகன். முதல் வருஷம் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றேன். அடுத்த வருஷம் 'அதெல்லாம் சும்மா' என்றேன். இப்போதெல்லாம் "கொஞ்சம் இருங்க, விவரமா சொல்றேன்" என்கிறேன். போனில் சொல்லி முடியாத அந்த விவரம்தான் இது.

நம்பிக்கை: ஹாலந்து, நெதர்லாந்து இரண்டும் ஒன்றுதான்.

உண்மை: நாட்டில் 12 மாகாணங்கள். அவற்றில் வட ஹாலந்து, தென் ஹாலந்து என்ற இரண்டு மட்டுமே ஹாலந்து. உத்ரெக்ட் தனி மாகாணம். கப்பலும் வணிகமும் அந்தக் கரையோரப் பகுதியில் கொழித்ததால், வெளியுலகம் முழு நாட்டுக்கும் அந்தப் பெயரையே சூட்டிவிட்டது. அரசாங்கமும் சுற்றுலா விளம்பரங்களில் 'ஹாலந்து' என்றுதான் போட்டுக்கொண்டிருந்தது; 2020 தொடக்கத்தில்தான் அதைக் கைவிட்டது. தலைநகர் ஆம்ஸ்டர்டாம். ஆனால் நாடாளுமன்றமும் அமைச்சகங்களும் இருப்பது தி ஹேக் நகரில். வினாடி வினாவில் பலருக்கு மார்க் போகும் இடம் இது.

நம்பிக்கை: மேடு பள்ளம் இல்லாத நாடு. அதனால்தான் எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள்.

உண்மை: தஞ்சாவூர்ப் பக்கமும் மேடு பள்ளம் இல்லைதான். அங்கே சைக்கிள் எங்கே போயிற்று? சமதளம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் இங்கே நவம்பர் மாத எதிர்காற்றில் மிதித்துப் பார்த்தால் மலையேறுவதே மேல் என்று தோன்றும்.

1950, 60களில் இந்த நாடும் காருக்குத்தான் பாதை விட்டது. உத்ரெக்ட்டின் பழைய அகழியான கதரெய்னசிங்கலின் ஒரு பகுதியை 1970களில் தூர்த்து, அதில் கார்களுக்கு அகலச் சாலை போட்டார்கள். 1971இல் மட்டும் நாட்டில் சாலை விபத்துகளில் 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் குழந்தைகள் 400க்கும் மேல். தன் மகளை அப்படிப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர் 1972இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று: 'ஸ்டாப் டெ கிண்டர்மோர்ட்', அதாவது 'குழந்தைக் கொலையை நிறுத்து'. தாய் தகப்பன்மார் தெருவை மறித்தார்கள். 1973 நவம்பரில் எண்ணெய் நெருக்கடி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்குத் தடை போட்டார்கள். வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் பிள்ளைகள் விளையாடினார்கள். சைக்கிளுக்குத் தனிப்பாதை என்ற எண்ணம் கொள்கையானது இதற்கெல்லாம் பிறகுதான்.

தூர்த்த அகழியில் 2020 செப்டம்பரில் மறுபடி தண்ணீர் விட்டார்கள். கார் ஓடிய இடத்தில் இன்று படகு போகிறது. ரயில் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்தும் மூன்று தளக் கொட்டகை இருக்கிறது. உலகிலேயே பெரியது என்கிறார்கள். முதல் 24 மணி நேரம் இலவசம். எந்த வரிசையில் விட்டோம் என்பதை மறந்தால் அந்த 24 மணி நேரமும் தேடுவதற்கே சரியாகப் போகும்.

என் முதல் சைக்கிள் பழையது, கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னால் மிதித்தால்தான் நிற்கும். நமக்கோ சிறு வயதிலிருந்து சும்மா உருளும்போது பெடலைப் பின்னோக்கிச் சுற்றி 'டிக் டிக்' சத்தம் கேட்கிற பழக்கம். பாலத்து இறக்கத்தில் கால் தன்பாட்டுக்குப் பின்னால் போயிற்று. சைக்கிள் அங்கேயே நின்றது, நான் நிற்கவில்லை. பின்னால் வந்த ஓர் அம்மா, வண்டியில் மூன்று பிள்ளைகளோடு, என்னைச் சுற்றிக்கொண்டு போனார். மணிகூட அடிக்கவில்லை.

நம்பிக்கை: வருஷம் முழுக்க மழை.

உண்மை: நாட்டின் வானிலை நிலையம் உத்ரெக்ட்டுக்கு அடுத்த ஊரான டெ பில்ட்டில்தான் இருக்கிறது. அதன் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை. சென்னையில் சுமார் 1,400. சித்தியிடம் இதைச் சொன்னபோது நம்பவேயில்லை. வித்தியாசம் பெய்கிற விதத்தில் இருக்கிறது. நம் ஊர் வடகிழக்குப் பருவமழை ஒரு வாரத்தில் கொட்டித் தீர்ப்பதை, இங்கே மாதக்கணக்கில் தூறலாகத் தவணை முறையில் தருவார்கள். மொத்த நேரத்தில் மழை பெய்வது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்தப் பங்கு நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரமாக இருக்கும்.

அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். அடுத்த இரண்டு மணி நேரத்தில் எந்த நிமிஷம் தூறும், எப்போது விடும் என்று போனிலேயே மழை ராடார் காட்டுகிறது. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். ஒருவர் "பத்து நிமிஷம்" என்பார். அனைவரும் மறுபடி உட்காருவார்கள். உண்மையில் ஆளை வாட்டுவது மழையே இல்லை, டிசம்பர் இருட்டு. சூரியன் எழ ஒன்பது மணி ஆகப்போகும், நாலரைக்கு மறைந்துவிடும். ஊரிலிருந்து புதிதாக வருபவர்களிடம் குடையைப் பற்றி நான் பேசுவதில்லை. பகலில் அரை மணி நேரம் வெளியே நடங்கள் என்றுதான் சொல்வேன்.

நம்பிக்கை: டச்சுக்காரர்கள் கஞ்சர்கள்.

உண்மை: பக்கத்து வீட்டுப் பாட்டி காபிக்கு அழைத்தார். காலண்டரைப் பார்த்து, பத்து நாள் தள்ளி, காலை பத்தரைக்கு. காபி வந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினார். ஒன்று எடுத்தேன். டப்பா மூடிக்கொண்டது. இரண்டாவது காபியோடு மறுபடி திறந்தது, மறுபடி ஒன்று. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தேன். மூன்றாம் மாதம் எனக்குக் கால் சுளுக்கியபோது, கேட்காமலே இரண்டு வாரம் கடைக்குப் போய் வந்தவரும் அதே பாட்டிதான். ரசீதைப் பையிலேயே வைத்திருந்தார். பைசா சுத்தமாக வாங்கிக்கொண்டார். உழைப்புக்கு மட்டும் கணக்கு இல்லை.

'கோயிங் டச்' என்பது ஆங்கிலத்தில் வந்த பெயர். 17ஆம் நூற்றாண்டில் கடல் வணிகத்துக்காக இரு நாடுகளும் திரும்பத் திரும்பப் போரிட்டன. அந்தப் பகையில் டச்சுக்காரரை இடிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் பெருகின. இதுவும் அந்த வம்சம்தான் என்பார்கள். இப்போது 'டிக்கி' என்ற செயலி இருக்கிறது. ஒரு வங்கி 2016இல் கொண்டுவந்தது. சேர்ந்து சாப்பிட்ட இரவே, அவரவர் பங்கைக் கேட்டுப் போனில் சுட்டி வரும். முதல் முறை வந்தபோது எனக்குச் சுருக்கென்றது. பிறகு அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கும் மொய் நோட்டு நினைவுக்கு வந்தது. எந்தக் கல்யாணத்தில் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று முப்பது வருஷக் கணக்கு அதில் இருக்கிறது. நாம் கடனை நீட்டி உறவைக் காக்கிறோம். இவர்கள் அன்றன்றைக்குத் தீர்த்து உறவைக் காக்கிறார்கள்.

இன்னொன்று. பெரிய பேரிடர் வந்தால் இங்குள்ள தொண்டு அமைப்புகள் '555' என்ற ஒரே கணக்கு எண்ணில் சேர்ந்து நிதி திரட்டும். 2004 சுனாமிக்கு அப்படிச் சேர்ந்தது 20 கோடி யூரோவுக்கும் மேல். இலங்கைக் கரைக்கும் அதிலிருந்து உதவி போயிற்று. ஒற்றை பிஸ்கட் நாடு அது.

நம்பிக்கை: எந்த நோய்க்கும் டாக்டர் பாரசிட்டமால் மட்டும்தான் தருவார்.

உண்மை: வெளிநாட்டுக்காரர்கள் கூடும் இடத்தில் இந்தப் புலம்பல் இல்லாமல் பேச்சு முடியாது. நானும் புலம்பியவன்தான். காய்ச்சல் மூன்றாம் நாள்; பத்து நிமிஷச் சந்திப்பு. "உங்களுக்கு என்னவாக இருக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?" என்று குடும்ப மருத்துவர் என்னையே கேட்டார். நம் ஊரில் டாக்டர் இப்படிக் கேட்டால் வேறு டாக்டரைப் பார்ப்போம். ஊசி இல்லை, டானிக் இல்லை. "இன்னும் நாலு நாளில் குறையாவிட்டால் வாருங்கள்." அதிலிருந்து மூன்றாம் நாளே குறைந்துவிட்டது.

இது அலட்சியம் அல்ல, முறை. முதலில் குடும்ப மருத்துவர். அவர் எழுதிக் கொடுத்தால்தான் பெரிய மருத்துவர். ஆன்டிபயாடிக் பயன்பாடு ஐரோப்பாவிலேயே மிகக் குறைவாக உள்ள நாடுகளில் இது ஒன்று. மருந்துக்கு மசியாத கிருமிகளை அதனால்தான் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் தங்கிவிட்டு இங்கே அட்மிட் ஆனால், முதலில் அந்தக் கிருமி இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

காப்பீடு கட்டாயம். ஆண்டுக்கு முதல் 385 யூரோ நம் கைக்காசு. ஆனால் குடும்ப மருத்துவரைப் பார்ப்பது அதில் சேராது. பிள்ளை பிறந்தாலோ முதல் ஒரு வாரம் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர் தினமும் வீட்டுக்கே வந்து தாயையும் சேயையும் கவனிப்பார். ஊரிலிருந்து அம்மா விசா கிடைத்து வந்து சேரும் வரை என் மனைவிக்குப் பத்தியம் தவிர மற்றதெல்லாம் அவர்தான். குறை இல்லாமல் இல்லை. பல இடங்களில் புதிய நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ள மருத்துவர்களுக்கு இடமில்லை. வீடு பார்த்ததும் அடுத்த வேலையாக மருத்துவரிடம் பதிவு செய்துவிடுங்கள்.

நம்பிக்கை: இங்கே கஞ்சா சட்டப்படி சரி.

உண்மை: சரி இல்லை, கண்டும் காணாமல் விடுகிறார்கள். அதற்கென்றே டச்சு மொழியில் ஒரு சொல்லும் இருக்கிறது. 1976இல் சட்டத்தைத் திருத்தி, கஞ்சாவையும் கொடிய போதைப்பொருள்களையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். உரிமம் பெற்ற 'காபி ஷாப்' ஒருவருக்கு 5 கிராம் வரை விற்கலாம். மது கூடாது, 18 வயதுக்குக் கீழ் கூடாது, விளம்பரம் கூடாது. வேடிக்கை என்னவென்றால், முன்வாசலில் விற்பதை அனுமதித்தவர்கள் பின்வாசலில் சரக்கு வருவதை அனுமதிக்கவில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் இப்போது சில நகரங்களில் அரசு கண்காணிப்பில் பயிரிட்டுப் பார்க்கிறார்கள். சித்தப்பாவுக்கு ஒரு குறிப்பு: காபி குடிக்க வேண்டுமானால் 'கஃபே' என்று போட்ட இடத்துக்குப் போகவும்.

நம்பிக்கை: ஆங்கிலம் போதும்.

உண்மை: கடைக்குப் போதும், கடிதத்துக்குப் போதாது. வரித்துறையின் நீல உறை, நகராட்சி ஓலை, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை எல்லாம் டச்சில். சாப்பாட்டு மேசையில் உங்களுக்காக ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஜோக் மட்டும் டச்சில் வரும்.

நம்பிக்கை: நாட்டில் பாதி கடலுக்குக் கீழே. ஒரு சிறுவன் விரலால் அணையை அடைத்துக் காப்பாற்றினான்.

உண்மை: முதல் பாதியில் ஐ.நா.வின் பருவநிலைக் குழுவே சறுக்கியது. 55 சதவீதம் கடல் மட்டத்துக்குக் கீழ் என்று 2007 அறிக்கையில் வந்தது. சரியான கணக்கு 26 சதவீதம். இன்னொரு 29 சதவீதம் ஆற்று வெள்ளம் வரக்கூடிய நிலம். தவறான வாக்கியத்தைக் கொடுத்ததே ஒரு டச்சு அரசு நிறுவனம். அதுவே 2010இல் ஒப்புக்கொண்டு திருத்தியது.

அந்தச் சிறுவன் கதையை உலகறியச் செய்தது மேரி மேப்ஸ் டாட்ஜ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1865இல் எழுதிய நாவல். டச்சுக்காரர்களுக்கே அது பெரிதாகத் தெரியாது. கேட்டு வருகிற சுற்றுலாப் பயணிகளுக்காக 1950இல் ஸ்பார்ன்டாமில் ஒரு சிலை வைத்தார்கள். மண் அணை விரலில் நிற்காது. உண்மையில் அணையைக் குடைவது கஸ்தூரி எலி. அதைப் பிடிக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். வைத்திருப்பது வாட்டர்ஸ்ஹாப் எனப்படும் நீர் வாரியம். நாட்டில் மொத்தம் 21. இந்த அமைப்பின் வேர் 13ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. நம் குடிமராமத்தை ஒருநாளும் கைவிடாமல், அதற்குத் தனி வரியும் தனித் தேர்தலும் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது. 1953 வெள்ளத்தில் 1,836 பேர் இறந்த பிறகு எழுந்த பெரிய கடல் தடுப்புகளைப் பார்க்க உலகமே வருகிறது. எலி பிடிக்கிறவரை யாரும் படம் எடுப்பதில்லை.

அந்த வரி எனக்கும் ஆண்டுதோறும் வருகிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வாக்குச் சீட்டும் வருகிறது. 2023 மார்ச்சில் பாட்டிக்கு இரண்டு சீட்டு: ஒன்று மாகாணத்துக்கு, ஒன்று நீர் வாரியத்துக்கு. எனக்கு ஒன்று. மாகாணத்தில் வாக்களிக்க டச்சுக் குடியுரிமை வேண்டும். நீர் வாரியத்துக்கு முறையான குடியிருப்பு அனுமதி போதும். வெள்ளம் பாஸ்போர்ட் பார்த்து வராது என்பது இவர்களுக்குத் தெரியும்.

இந்த நாட்டுக்குப் புதிதாக வந்த நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். புரியாத டச்சில் அப்படி ஒரு சீட்டு வந்தால், விளம்பரத் தாள் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். போய் வாக்களியுங்கள். சாவடியில் பத்து நிமிஷம்கூட ஆகாது.