பின்னச்சு எண்ணெயைச் சோதிப்போம்

பிக்கப் வண்டியின் பின்னச்சு நடுவிலுள்ள உருண்டைப் பெட்டியே டிப்ரன்ஷியல். அதில் எண்ணெய் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு பெரும்பாலான வண்டிகளில் கிடையாது. பற்சக்கரங்கள் தேய்ந்து, ஓட்டத்திலேயே பின்சக்கரங்கள் இறுகிவிடக்கூடும். வண்டியில் செல்வோரின் உயிருக்கே அது ஆபத்தாகும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பெட்டி ஆறியபின், மேலுள்ள திருகுமூடியைச் சுற்றிய மண்ணைத் துடைத்து, அதனை மட்டும் கழற்றுங்கள். கீழ்மூடி எண்ணெயை வடிப்பதற்குரியது. பொதுவாக, துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் இருத்தல் வேண்டும். குறைந்திருப்பின், வண்டியின் கையேடு குறிப்பிடும் கியர் எண்ணெயையே அம்மட்டம் வரை ஊற்றி, மூடியை இறுக்குங்கள்.

எண்ணெய் ரப்பர்ப் பால்போல் வெளுத்திருந்தால், நீர் புகுந்துள்ளது என்பது பொருள். ஓடைகளைக் கடக்கும் வண்டிகளுக்கு இது நேர்வதுண்டு. அப்போது மேலும் ஊற்றுவதால் பயனில்லை; எண்ணெய் முழுவதையும் மாற்றுதல் வேண்டும்.