பூச்சிமருந்துச் சீட்டும் ஒரு பாடமே

எட்டாம் வகுப்பில் பயிர்ப் பாதுகாப்பு நடத்தும்போது பூச்சிமருந்துச் சீட்டில் உள்ள சாய்சதுரத்தைக் கரும்பலகையில் வரைவேன். (காலி டப்பாவைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள்.) அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளின் வரிசை இது.

"பச்சைன்னா பயமில்லையா சார்?" என்பார்கள். அதுவும் நஞ்சுதான், கொல்லும் அளவுதான் வேறு.

காலி டப்பாவில் எண்ணெய் ஊற்றி வைக்கும் வழக்கம் பற்றியே அதிகம் பேசுவேன். 2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. டப்பாவை ஓட்டையிட்டு நசுக்கிவிடும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள். நம் சத்துணவுக்கூடத்து எண்ணெய் டப்பா எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள்.